மஞ்சள் புளியாரை இனங்களை வேறுபடுத்தி அறிதல்

புளியாரை என்பது ஆக்சாலிடேசி குடும்பத்தில் ஆக்சாலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த, புளிப்புச் சுவையுடைய சிறு செடியாகும். தமிழில் இப்பெயர் முதன்மையாக ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா என்ற இனத்தையே குறிக்கிறது. எனினும் ஏறத்தாழ அதே தோற்றமும் அதே மஞ்சள் நிறப் பூக்களும் கொண்ட வேறு இரண்டு இனங்கள் உலகில் பரவலாக வளர்கின்றன. அவை ஆக்சாலிஸ் டில்லெனியி, ஆக்சாலிஸ் ஸ்ட்ரிக்டா என்பனவாகும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இம்மூன்றையும் ஒரே தோட்டத்திலேயே காண இயலும். மூன்று சிற்றிலைகளையும் ஐந்து மஞ்சள் இதழ்களையும் மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. தண்டின் அடிப்பகுதி, கணுக்கள், காய் தாங்கும் காம்பு, தூவிகள், விதை ஆகியவற்றைப் பார்த்தே இனத்தை உறுதி செய்யவேண்டும்.

பெயர்

ஆரை அல்லது ஆரைக்கீரை என்பது நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் மார்சிலியா என்னும் பெரணி வகையாகும். அதைப் போன்ற இலையும் புளிப்புச் சுவையும் உடையதால் இச்செடி புளியாரை எனப்பட்டது. உண்மையில் இவ்விரண்டுக்கும் தாவரவியல் உறவு ஏதும் இல்லை. ஆரை பூவாத் தாவரம். அதன் காம்பின் நுனியில் நான்கு சிற்றிலைகள் இருக்கும். புளியாரை பூக்கும் தாவரம். அதற்குச் சிற்றிலைகள் மூன்று.

ஆக்சாலிஸ் என்ற பேரினப் பெயர் புளிப்பு, கூர்மை ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இச்செடிகளின் புளிப்புக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலமும் இப்பேரினத்தின் பெயராலேயே வழங்குகிறது. கார்னிகுலேட்டா என்றால் சிறு கொம்புகளை உடையது என்று பொருள். நிமிர்ந்து நிற்கும் கூரிய காய்களைக் கண்டு இப்பெயர் இடப்பட்டது. ஸ்ட்ரிக்டா என்றால் நேராக நிமிர்ந்தது. டில்லெனியி என்பது ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் ஆக்சுபோர்டில் பணியாற்றிய தாவரவியலாளர் டில்லெனியுஸின் (1684-1747) நினைவாக இடப்பட்ட பெயராகும்.

ஆங்கிலத்தில் இப்பேரினத்துக்கு வழங்கும் பொதுப்பெயர் காட்டுப் புளிக்கீரை என்ற பொருளைத் தரும். அப்பெயருக்கு முதல் உரிமை உடையது ஐரோப்பியக் காடுகளின் நிழலில் வளரும் வெண்பூ இனமான ஆக்சாலிஸ் அசிட்டோசெல்லா ஆகும். அது நிலத்தடியில் படரும் தண்டையும், ஊதா நரம்புகள் ஓடும் வெள்ளை இதழ்களையும் கொண்டது. ஆகவே மஞ்சள் இனங்களுடன் அதனைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

பொது இயல்புகள்

ஆக்சாலிஸ் பேரினத்தில் ஏறத்தாழ 500 இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தென் அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்டவை. விளிம்பிப்பழமும் புளிச்சக்காய் எனப்படும் பிலிம்பியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரங்களாகும்.

இங்கு பேசப்படும் மூன்று மஞ்சள் இனங்களுக்கும் பின்வரும் இயல்புகள் பொதுவானவை. சிற்றிலைகள் நுனியில் பிளவுபட்ட தலைகீழ் இதய வடிவம் கொண்டவை. இரவில் இவை கீழ்நோக்கி மடிந்துகொள்ளும். பூவில் ஐந்து புல்லி இதழ்களும் ஐந்து அல்லி இதழ்களும், ஐந்து நீண்டும் ஐந்து குறுகியும் அமைந்த பத்து மகரந்தத்தாள்களும், ஐந்து சூல்தண்டுகளும் உண்டு. காய் ஐந்து பட்டைகளுடன் நீண்டிருக்கும். விதையைச் சுற்றியுள்ள சதைப்பற்றான உறை முதிர்ந்தவுடன் திடீரென உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு, விதையைச் சில மீட்டர் தொலைவுக்கு வீசி எறியும். முற்றிய காயை விரலால் தொட்டால் இதனை எளிதில் உணரலாம்.

குழப்பத்தின் காரணங்கள்

பூவின் அளவு இனத்தைக் காட்டும் என்று கருதுவது இயல்பு. ஆனால் மூன்று இனங்களிலும் இதழின் நீளம் பெரும்பாலும் 1 செ.மீ.க்குக் குறைவாகவே உள்ளது. ஓர் இனத்தின் அளவு மற்றோர் இனத்தின் அளவோடு மேற்பொருந்துகிறது. சிற்றிலையின் அளவும் அவ்வாறே. நல்ல மண்ணில் வளர்ந்த புளியாரையின் இலை, நடைபாதை விரிசலில் வளர்ந்த அதே இனத்தின் இலையைப் போலப் பன்மடங்கு பெரிதாக இருக்கும்.

இலையின் நிறமும் நம்பத்தக்கது அன்று. செம்பழுப்பு அல்லது கருஞ்சிவப்பு இலைகளைக் கொண்ட புளியாரை தனி இனம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டாவின் நிற வேறுபாடே ஆகும். பச்சை இலைச் செடிகளும் கடும் வெயிலில் சற்றே சிவந்துவிடுவது உண்டு.

நிமிர்ந்து நிற்கிறதா, படர்கிறதா என்பது பயனுள்ள கேள்வி. ஆயினும் அதற்கான விடையை அவசரப்பட்டு ஏற்கக்கூடாது. அடர்ந்த புல்லுக்கிடையே வளரும் புளியாரை ஒளியை நாடி நிமிர்ந்து நிற்கும். அடிக்கடி வெட்டப்படும் புல்தரையில் வளரும் டில்லெனியி தரையோடு சாய்ந்து கிடக்கும். எனவே செடியின் நிலையை விட, அதன் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே முக்கியமானது.

ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா

உலகின் வெப்பமான, மிதவெப்பமான பகுதிகள் எங்கும் காணப்படும் களை இதுவாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் வயல் வரப்பு, தோட்டம், பூந்தொட்டி, கிணற்றடி என ஈரமுள்ள எல்லா இடங்களிலும் வளர்கிறது. மனிதரோடு நெடுங்காலமாகப் பரவி வந்திருப்பதால் இதன் தாயகம் எது என்பது இன்றும் விவாதத்துக்குரிய ஒன்றாகவே உள்ளது.

இதன் தண்டு தரையில் படர்ந்து செல்லும்போது கணுக்கள்தோறும் வேர் விடும். இதுவே இவ்வினத்தின் முதன்மையான அடையாளமாகும். செடியை மெல்ல உயர்த்திப் பார்த்தால் பல இடங்களில் அது மண்ணைப் பற்றிக்கொண்டிருப்பதை உணரலாம். முதிர்ந்த தண்டை விட்டு இளம் நுனியை மட்டும் பார்த்தால் வேர் இல்லாதது போலத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது அடையாளம் இலையடிச் செதிலாகும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காம்பின் இருபுறமும் ஒட்டியவாறு நீள்சதுர வடிவில் சிறு செதில்கள் காணப்படும். அவற்றின் மேல்முனை சற்றே காது போல நீண்டிருக்கும். கைவில்லை ஒன்று இருந்தால் இவற்றைத் தெளிவாகக் காணலாம். மற்ற இரு இனங்களிலும் இச்செதில்கள் மிகக் குறுகியோ, கண்ணுக்குப் புலப்படாமலோ இருக்கும்.

காய் முதிரும்போது அதன் காம்பு கீழ்நோக்கி வளையும். ஆனால் காய் மட்டும் மேல்நோக்கியே நிற்கும். இதனால் காம்பும் காயும் சேருமிடம் மடக்கிய முழங்கையைப் போலத் தோன்றும். காயின் மேல் குறுகிய தூவிகள் அடர்ந்திருக்கும். விதைகள் பழுப்பு நிறமானவை. அவற்றின் மேல் குறுக்கு வரிமேடுகள் இருப்பினும், பெரும்பாலும் அவையும் பழுப்பாகவே இருக்கும்.

ஆக்சாலிஸ் டில்லெனியி

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் இன்று ஐரோப்பா உள்ளிட்ட பிற பகுதிகளிலும் பரவியுள்ளது. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி நிமிர்ந்தோ சாய்ந்தோ வளரும். கணுக்களில் பொதுவாக வேர் விடுவதில்லை. நிலத்தடியில் படரும் தண்டும் இதற்கு இல்லை. செடியைப் பிடித்து இழுத்தால் ஒரே வேர்த்தொகுதியோடு முழுச்செடியும் வந்துவிடும்.

இதன் காய்க்காம்பும் புளியாரையைப் போலவே கீழ்நோக்கி வளையும். ஆகவே காய்க்காம்பை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. தூவிகளே இங்கு உதவுகின்றன. தண்டின் மேல் வெண்மையான நேரான தூவிகள் மேல்நோக்கித் தண்டோடு ஒட்டிப் படிந்திருக்கும். இதனால் செடி சற்றே சாம்பல் பூத்தது போலத் தோற்றமளிக்கும். விதைகளின் குறுக்கு வரிமேடுகள் வெண்மையாக இருப்பது மற்றொரு நல்ல அடையாளம். முற்றிய காயை ஒரு கருந்தாளின் மேல் வெடிக்கச் செய்து விதைகளைக் கைவில்லையால் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும்.

ஆக்சாலிஸ் ஸ்ட்ரிக்டா

இதுவும் வட அமெரிக்காவில் இயற்கையாக வளர்வது. கிழக்காசியாவிலும் காணப்படுகிறது. ஐரோப்பாவில் காய்கறித் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலைபெற்ற களையாகும். தண்டு பெரும்பாலும் ஒற்றையாக, நேராக நிமிர்ந்து நிற்கும். கணுக்களில் வேர் விடுவதில்லை. ஆனால் மண்ணுக்குள் மெல்லிய, வெளிர்நிற நிலத்தடித் தண்டுகள் படர்ந்து புதிய செடிகளைத் தோற்றுவிக்கும். செடியைப் பிடுங்கும்போது இவை அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுவதால், இல்லை என்று தவறாக முடிவு செய்யப்படுவது வழக்கம். விரல்களால் மண்ணைக் கிளறியே இதனைச் சோதிக்கவேண்டும்.

காய் முதிர்ந்த பின்னும் காம்பு கீழ்நோக்கி வளையாமல் நிமிர்ந்தோ பக்கவாட்டில் விரிந்தோ நிற்பது இதன் சிறந்த அடையாளம். தண்டின் தூவிகள் ஒட்டிப் படியாமல் விரிந்து நிற்கும். அவற்றுள் பல, குறுக்குச் சுவர்களால் பிரிக்கப்பட்ட பலசெல் தூவிகளாகும். கைவில்லையில் இவை மூட்டு மூட்டாக, சற்றே சுருங்கிய நூல் போலத் தெரியும்.

பூக்கள் அமைந்துள்ள முறையும் வேறுபடுகிறது. முந்தைய இரு இனங்களில் பூக்காம்புகள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள் போலக் கிளம்பும். ஸ்ட்ரிக்டாவில் நடுப்பூ முதலில் மலர, அதன் பக்கங்களில் மஞ்சரி மேலும் கிளைத்துச் செல்லும். இளஞ்செடிகளில் இக்கிளைப்பு தோன்றுவதற்கு முன் மஞ்சரி குடை போலவே காட்சியளிக்கும். எனவே பல பூக்கள் கொண்ட முதிர்ந்த மஞ்சரியையே பார்க்கவேண்டும்.

சோதிக்கும் வரிசை

தாவரவியல் நூல்களில் இருகிளைத் திறவுகோல்கள் தரப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஆம், இல்லை என்ற இரு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து செல்லும் முறை அது. ஒரு படியில் தவறினால் அதற்குப் பின்வரும் படிகள் எல்லாம் தவறாகிவிடும் என்பது அம்முறையின் குறை. மஞ்சள் புளியாரைகளைப் பொறுத்தவரை, காய் முதிர்ந்த செடியைத் தேர்ந்து காய்க்காம்பிலிருந்து தொடங்குவது நல்லது. காம்பு வளையாமல் நின்றால் ஸ்ட்ரிக்டா என ஐயுறலாம். பலசெல் தூவியும் நிலத்தடித் தண்டும் அதனை உறுதிப்படுத்தும். காம்பு வளைந்திருந்தால் கணுவில் வேர் உள்ளதா, இலையடிச் செதில் தெளிவாக உள்ளதா எனப் பார்க்கவேண்டும். இரண்டும் இருந்தால் அது கார்னிகுலேட்டா ஆகும். இரண்டும் இல்லாமல் ஒட்டிப் படிந்த தூவிகளும் விதையில் வெண்கோடுகளும் இருந்தால் அது டில்லெனியி ஆகும். ஓர் அடையாளம் ஓர் இனத்தையும் மற்றோர் அடையாளம் வேறோர் இனத்தையும் காட்டினால், அருகிலுள்ள இன்னும் சில செடிகளைப் பார்ப்பதே முறை. பூ மட்டும் உள்ள செடியை இனம் வரை பெயரிடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையானது.

பெயர் மாறிய வரலாறு

இவ்வினங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டவரையும் தடுமாறச் செய்வது பெயர்களின் வரலாறாகும். லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் கார்னிகுலேட்டா, ஸ்ட்ரிக்டா ஆகிய இரு பெயர்களையும் வெளியிட்டார். முன்னதற்கு இத்தாலி, சிசிலி ஆகியவற்றையும், பின்னதற்கு வர்ஜீனியாவையும் வாழிடமாகக் குறிப்பிட்டார். ஜாக்குவின் 1794-இல் வியன்னாவில் வெளியிட்ட ஆக்சாலிஸ் பற்றிய தனிநூலில் டில்லெனியி என்ற பெயரைத் தந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வட அமெரிக்காவின் முதன்மையான கையேடுகள் ஸ்ட்ரிக்டா என்ற பெயரை இன்று டில்லெனியி எனப்படும் செடிக்கு வழங்கின. இன்று ஸ்ட்ரிக்டா எனப்படும் செடியோ அந்நூல்களில் ஆக்சாலிஸ் யூரோப்பியா என்ற பெயரில் இடம்பெற்றது. ஐரோப்பாவில் களையாகக் கண்டெடுக்கப்பட்டு அங்கே பெயரிடப்பட்டதால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவில் இயற்கையாக வளரும் செடிக்கு அமெரிக்க நூல்களிலேயே ஐரோப்பியச் செடி என்ற பெயர் வழங்கியது விந்தையே. இதே செடி வேறு சில நூல்களில் ஆக்சாலிஸ் பான்டானா என்றும் காணப்படுகிறது.

ஜார்ஜ் ஐட்டன் 1955-இல் லின்னேயசின் இரு பெயர்களுக்கும் உரிய மூலமாதிரிகள் எவை என ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 1963-இல் இத்தொகுதி முழுவதையும் பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் ஸ்ட்ரிக்டா என்ற பெயர் நிலத்தடித் தண்டுள்ள நிமிர்ந்த இனத்துக்கே உரியது என்ற கருத்து நிலைபெற்றது. அலிசியா லூர்த்தெய் 1979-இலும், கை நெசம் 2009-இலும் இத்தொகுதியை மீண்டும் ஆய்வு செய்தனர். நெசம், அதுவரை டில்லெனியியுடன் சேர்த்து எண்ணப்பட்ட ஆக்சாலிஸ் புளோரிடாவைத் தனி இனமாகக் கொண்டார். ஆகவே கிழக்கு அமெரிக்காவில் மேற்கூறிய மூன்றோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

இதன் விளைவு எளிதில் உணரத்தக்கது. 1950-க்கு முந்தைய அமெரிக்கக் கட்டுரை ஒன்றில் ஆக்சாலிஸ் ஸ்ட்ரிக்டா என்றிருந்தால், அது இன்றைய டில்லெனியியாக இருக்கக்கூடும். உலர்தாவரகங்களில் உள்ள பழைய மாதிரிகளின் சீட்டுகளும் அவ்வாறே. பெயரை மட்டும் படித்து ஓர் இனத்தின் பரவலை வரைபடமாக்கினால், அவ்வரைபடம் இரு இனங்களின் கலவையாகிவிடும். மாதிரியைத் திறந்து காய்க்காம்பையும் தூவியையும் மீண்டும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாதிரியைச் சேகரித்தவர் வேரையும் சேர்த்து எடுத்து வைத்திருந்தால் அவ்வேலை எளிதாகும். பலர் அவ்வாறு செய்வதில்லை.

குமிழ்களை உடைய இனங்கள்

தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் புளியாரை என்ற பெயரால் சுட்டப்படும் செடிகளுள் இளஞ்சிவப்புப் பூக்களை உடையவையும் உள்ளன. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களில் தோட்டங்களிலும் உழுத நிலங்களிலும் காணப்படும் ஆக்சாலிஸ் லாட்டிபோலியா அவற்றுள் ஒன்று. ஆக்சாலிஸ் டெபிலிஸ் என்ற இனமும் இதனைப் பெரிதும் ஒத்தது. இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. நிலத்துக்கு மேல் தண்டு இல்லாமல், நிலத்தடிக் குமிழிலிருந்து இலைகளும் பூந்தண்டும் நேரடியாகக் கிளம்புவதால் மஞ்சள் இனங்களிலிருந்து இவற்றை உடனே பிரித்துவிடலாம்.

இவ்விரண்டையும் தம்முள் பிரிப்பதற்கு மண்ணைத் தோண்டவேண்டும். லாட்டிபோலியாவில் சிறு குமிழ்கள் தாய்க்குமிழிலிருந்து நீண்டு செல்லும் மெல்லிய இழைகளின் நுனியில் தோன்றும். டெபிலிஸில் அவை காம்பின்றித் தாய்க்குமிழைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும். லாட்டிபோலியாவின் சிற்றிலை அகன்ற முக்கோண வடிவில், மீன்வால் போல விரிந்த பிளவுடன் இருக்கும். டெபிலிஸின் சிற்றிலை உருண்டையானது, பிளவு குறுகலானது. அதன் அடிப்புறத்தில், குறிப்பாக விளிம்பை ஒட்டி, சிறு புள்ளிகள் காணப்படும்.

தென்னாப்பிரிக்காவின் ஆக்சாலிஸ் பெஸ்-காப்ரே மஞ்சள் பூக்களை உடையதாயினும், பூக்கள் மிகப் பெரியவை. நீண்ட காம்பில் தலைகவிழ்ந்து தொங்குபவை. நடுநிலக்கடல் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருங்களையாகப் பரவியுள்ள இது, பெரும்பாலும் விதையின்றிக் குமிழ்களாலேயே பெருகுகிறது.

இனமறிதலின் பயன்

களைக் கட்டுப்பாட்டில் இவ்வேறுபாடுகள் நேரடியாகப் பயன்படுகின்றன. டில்லெனியியை விதை முற்றுமுன் கையால் பிடுங்கினால் போதும். கார்னிகுலேட்டாவில் வேர்விட்ட ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மீண்டும் தழைக்கும். ஸ்ட்ரிக்டாவில் நிலத்தடித் தண்டையும் எடுக்கவேண்டும். லாட்டிபோலியாவை மண்வெட்டியால் கொத்துவது சிறு குமிழ்களை நிலமெங்கும் பரப்புவதாகவே முடியும்.

மக்காச்சோளத்தைத் தாக்கும் துரு நோய்களுள் ஒன்றை உண்டாக்கும் பக்சினியா சோர்கி என்னும் பூஞ்சை, தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை ஆக்சாலிஸ் செடிகளில் கழிக்கிறது. எந்த இனத்தில் பூஞ்சை கண்டறியப்பட்டது என்பதைப் பதிவு செய்வோர், அவ்வினத்தைச் சரியாக அறிந்திருப்பது அவசியம். பெயர் மாறிய காலத்தின் நோயியல் குறிப்புகளைப் படிக்கும்போதும் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

புளியாரை சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது. ஆயுர்வேதத்தில் இது சாங்கேரி எனப்படுகிறது. கீரையாகவும் துவையலாகவும் உண்ணப்படுகிறது. இப்பேரினத்தின் இனங்கள் எல்லாவற்றிலும் ஆக்சாலேட்டு உப்புகள் இருப்பதால், சிறுநீரகக் கல் உடையோர் இதனைத் தவிர்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் பெஸ்-காப்ரேயை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் ஆக்சாலேட்டு நஞ்சால் பாதிக்கப்பட்டதுண்டு.

ஒத்த தோற்றமுள்ள பிற செடிகள்

தமிழ்நாட்டுப் புல்தரைகளில் புளியாரையோடு கலந்து வளரும் சிறுபுள்ளடியும் மூன்று சிற்றிலைகளை உடையது. ஆனால் அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூ சிறிய அவரைப்பூவைப் போன்றும் காய் கணுக்கணுவாகப் பிரியும் நெற்று போன்றும் இருக்கும். குளிர்நாடுகளின் குளோவர் செடியும் அவ்வாறே குழப்பத்தைத் தருவது. அதன் சிற்றிலையின் நுனி இதயம் போல ஆழமாகப் பிளவுபடுவதில்லை. மூன்று சிற்றிலைகளும் நடுவில் மடிந்து தொங்கினால் அது புளியாரை என இரவில் கைவிளக்கின் ஒளியிலும் கூறிவிடலாம்.

படம் எடுத்தல்

இனத்தை உறுதி செய்யும் நோக்கில் எடுக்கப்படும் படங்களில் பூவை விட மற்ற உறுப்புகள் இடம்பெறுவது முக்கியம். முற்றிய காயும் அதன் காம்பும் பக்கவாட்டில் தெரியும் படம் ஒன்று, இலைக்காம்பின் அடிப்பகுதியை அண்மையில் காட்டும் படம் ஒன்று, மண் நீக்கிய வேர்ப்பகுதியின் படம் ஒன்று, அளவுகோலுடன் விதைகளின் படம் ஒன்று என நான்கு படங்கள் இருந்தால், செடியை நேரில் காணாத ஒருவரும் பெரும்பாலும் இனத்தைக் கூறிவிட இயலும். மேகமூட்டத்திலும் மாலையிலும் பூக்கள் மூடிக்கொள்வது இவ்வேலைக்குத் தடையாவதில்லை.